கண்ணடி பட்ட ஃபிரிட்ஜ்

மகேஸ்வரி கல்யாணமாகி நாகல்நகருக்கு வந்தபோது அவளுக்குப் பின்னாலேயே ஒரு வேனில் ஃபிரிட்ஜும் வந்தது. வெள்ளை நிறம், ஒற்றைக் கதவு, ஆளுயரத்துக்கு ஒரு பிடி குறைவு. அந்தச் சந்தில் அதற்கு முன்னால் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. பொண்ணு மாப்பிள்ளை வந்து இறங்கும்போது கூடிய கூட்டத்தைவிட ஃபிரிட்ஜை இறக்கும்போது கூடிய கூட்டம்தான் அதிகம். மகேஸ்வரிக்கு அதில் வருத்தமில்லை. அவளுடைய அப்பா ஆவுடையப்பன் வடமதுரையில் கடலை மண்டி வைத்திருப்பவர். 'எம் மக திண்டுக்கல் வெயில்ல வாடக்கூடாது' என்று மதுரை வரை போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய சீர் அது. பார்க்கட்டும், ஊரே வந்து பார்க்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

மாமியார் சிவனம்மாள் நினைத்தது வேறு. கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆள் படியிறங்கியதும் கதவைப் பூட்டினாள். அந்தக் காலத்து ஃபிரிட்ஜுக்குக் கைப்பிடியிலேயே பூட்டு உண்டு. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். செருகியது செருகியதுதான்.

மகேஸ்வரியின் புருஷன் ஆனந்த்ராஜுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அவன் குனிந்து அந்த ஃபிரிட்ஜ் பூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதெல்லாம் ஒரு பூட்டாம்மா? ஒரு கொண்டை ஊசி இருந்தா போதும், கொட்டாவி விடுற நேரத்துல தொறந்துருவேன்."

சிவனம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு சட்டையை மாட்டினான். வெளியில் பேச்செல்லாம் பேசுவான். அம்மாவுக்கு முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு. அப்பா இல்லாத பிள்ளையை ஒண்டியாய் நின்று வளர்த்தவள் அவள். அந்தப் பயம் அவனுக்குப் பாலோடு ஊறியது.

ஆக, தன் அப்பா வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜிலிருந்து ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் மகேஸ்வரி மாமியாரிடம் போய் நிற்க வேண்டும். சிவனம்மாள் சாவியைக் கொடுக்க மாட்டாள். தானே வருவாள், கதவை ஒரு சாண் திறப்பாள், கையை விட்டுக் கேட்டதை எடுப்பாள், பூட்டுவாள். ஃபிரிட்ஜின் உள்பக்கம் என்ன நிறம் என்பதே மகேஸ்வரிக்கு மறந்துபோகும்போல இருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் குழாயடியில் நடக்கிற கச்சேரியைத்தான் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டுச் சொர்ணலட்சுமிக்கு இடது காது மந்தம். ஆனால் கண் இரண்டும் பருந்துக்கண். அவள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்பாள்.

"என்ன மதினி, ஃபிரிட்சு எப்பிடி இருக்கு? புது மருமக எப்பிடி இருக்கா?"

அவ்வளவுதான். சிவனம்மாள் தெருமுனை வரை கேட்கிற குரலில் பிடித்துக்கொள்வாள்.

"அத ஏன் கேக்குற! அது ஒரு தகரப் பொட்டி. யானையக் கட்டித் தீனி போட்ட மாதிரி கரண்டக் குடிக்குது. மருமக மட்டும் என்ன வாழுதாம்? பொட்டிக்கேத்த பொண்ணு. ஒரு ரசம் வைக்கத் தெரியல. மூஞ்சியும் முழியும்! நாங் கும்பிட்ட சாமி என்னயக் கைவிட்டுருச்சு, அம்புட்டுத்தான்."

மகேஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்று அதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் கேட்பாள். இத்தனைக்கும் முந்தின ராத்திரி அதே ரசத்தை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டவள் அந்த மகராசி. வீட்டுக்குள் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பாள். வாசலைத் தாண்டினால் மட்டும் நாக்கில் நெருப்பு. இது என்ன ஜென்மம் என்று மகேஸ்வரிக்குப் பிடிபடவே இல்லை.

வந்த புதிதில் ஃபிரிட்ஜ் ஒழுங்காகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் உறுமும், 'டொக்' என்று நிற்கும், களைப்பாறிவிட்டு மறுபடி உறுமும். ஒரு வாரம் போயிருக்கும். உறுமல் ஓயாமல் போயிற்று. பகலும் உறுமியது, இரவும் உறுமியது. காப்பிக்குப் பாலை எடுத்தால் பாத்திரத்தோடு ஒரே கட்டியாக வந்தது. இட்லி மாவு கல்லாகிவிட்டது. உரலில் ஆட்டிய மாவைக் குழவியால் உடைத்த வீடு திண்டுக்கல்லிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். தக்காளி கைதவறி விழுந்தால் கோலிக்குண்டாக உருண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. முட்டைகள் தானாக விரிசல் விட்டன. நிலக்கோட்டை மல்லிகைச் சரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அது கண்ணாடிப் பூவாக வெளியே வந்தது. மகேஸ்வரி ஆசையோடு தலையில் வைத்துக்கொண்டாள். கால்மணி நேரத்தில் அது உருகி முதுகில் ஒழுகி ரவிக்கையை நனைத்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த ஆனந்த்ராஜ் தயிர்க் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, பட்டறையில இருந்து உளி ஒண்ணு கொண்டாரவா?"

சிவனம்மாள் அந்தத் தயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லாப் போச்சே... எல்லாம் கல்லாப் போச்சே" என்று முணுமுணுத்தாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒரு கிண்ணம் தயிருக்கா இவ்வளவு துக்கம் என்று மகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக் சூசைமுத்துவுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அவர் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். ஃபிரிட்ஜ் என்ற ஜாதியே தன்னைக் கேட்டுத்தான் மூச்சுவிடுகிறது என்று நினைக்கிற மனிதர். வாசலில் அவர் தலை தெரிந்ததும் சிவனம்மாள் எழுந்தாள்.

"செத்த இருப்பா. உள்ள சாப்பாட்டுச் சாமானெல்லாம் கெடக்கு. ஒதுக்கி வச்சுட்டுக் கூப்பிடுறேன்."

அவள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று என்னவோ ஒதுக்கினாள். கதவைச் சாத்தினாள். சூசைமுத்து பையை இறக்கி வைத்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். ஃபிரிட்ஜ் 'டொக்' என்று நின்றது.

வீடே நிசப்தமாகிவிட்டது. இத்தனை நாளாக ஓயாத மோட்டார், வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டது. சூசைமுத்து ஒரு டீ குடித்து முடிக்கிற வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு ஒழுங்காக உறுமி, ஒழுங்காக நின்றது.

"இதுல என்னம்மா கோளாறு? மணி மாதிரி ஓடுது. திருகுற குமிழ யாரோ கூட வச்சிருக்கீக, அதான். கொறச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் சைக்கிள் முனை திரும்பியிருக்காது. சிவனம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். அன்று சாயங்காலம் தொடங்கிய உறுமல் மறுநாளும் ஓயவில்லை. பால் கல்லாகிவிட்டது.

இரண்டாவது தடவை அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்.

"செத்த இருப்பா. உள்ள மீன் கொழம்பு இருக்கு, ஒதுக்கி வச்சுக்கிறேன்" என்றாள் சிவனம்மாள். ஒதுக்கினாள். மோட்டார் 'டொக்' என்று நின்றது.

சூசைமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா, ஆளக் கூப்பிட்டு வச்சுக் கேலி பண்றீகளா? என்னயக் கண்டா அதுக்கு என்ன பயமா?" என்றார். அப்புறம், ஒன்றும் சொல்லாமல் போனால் கவுரவக் குறைச்சல் என்று, "வோல்டேஜ்தான் ஏறி எறங்குது. ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். ஆனந்த்ராஜ் ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டான். இப்போது ஃபிரிட்ஜ் உறுமியது, அதன் பக்கத்தில் ஸ்டெபிலைசரும் சேர்ந்து உறுமியது.

குழாயடியில் சொர்ணலட்சுமி நியாயமாகத்தான் சொன்னாள்: "பேசாம அந்த மெக்கானிக்கையே வீட்டோட வச்சுக்கிருங்க மதினி. அவரக் கண்டாத்தானே அடங்குது."

இதற்கு நடுவில் மகேஸ்வரிக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாயிற்று. பெரிய காய்ச்சல் ஒன்றுமில்லை, மாத்திரையில் அடங்குகிற சாதிதான். ஆனால் சிவனம்மாள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. நெற்றியில் பற்றுப் போட்டாள், மிளகு ரசம் ஊட்டினாள், ஃபிரிட்ஜ் இருக்கும் மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு மகேஸ்வரி எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு அவள் முடிவைச் சொன்னாள்.

"ஏத்தா மகேசு. ஒங்கப்பாவுக்குச் சொல்லி விடு. ஞாயித்துக்கெழம வண்டி கொண்டாந்து அந்தப் பொட்டிய ஏத்திட்டுப் போகச் சொல்லு. அது இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

"எதுக்கு அத்த? ரிப்பேர்தான, பாத்துக்கலாமே."

"நாஞ் சொன்னா சொன்னதுதேன். கேக்காத."

சீர் வண்டி போன வழியே திரும்பி வந்தால் ஊர் என்ன பேசும் என்று மகேஸ்வரிக்குத் தெரியாதா? இன்றைக்குப் பொட்டி வந்தது, நாளைக்குப் பொண்ணு வரும் என்று பேசும். கடலை மண்டி வாசலில் அப்பா எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்? இந்தப் பொம்பளைக்குப் பொட்டி பிடிக்காமல் இல்லை, என்னைத்தான் பிடிக்கவில்லை. முதலில் என் பொருளை விரட்டுகிறாள், அடுத்தது நான்தான். இப்படி நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது.

அழுகிறவளுக்கும் மூளை என்று ஒன்று இருக்கிறதே. அது தன்பாட்டுக்கு வேலை செய்தது. குமிழைத் திருகியாயிற்று, சரியாகவில்லை. ஸ்டெபிலைசர் போட்டாயிற்று, சரியாகவில்லை. மெக்கானிக் வந்தால் மட்டும் நிற்கிறது. மெக்கானிக் வந்தால் இந்த வீட்டில் வேறு என்ன நடக்கிறது? மாமியார் 'ஒதுக்கி வைக்கிறாள்'. எதை? போன தடவை மீன் குழம்பு என்றாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மகேஸ்வரி சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் ஏது மீன் குழம்பு? வியாழக்கிழமை ராத்திரியே மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அது இருந்த இடத்தில் சாணி தெளிக்கிற பொம்பளை அல்லவா அது! உள்ளே என்னவோ இருக்கிறது. அதை மாமியார் மறைக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவனம்மாள் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். வெள்ளி தவறாமல் போகிறவள். அவள் தலை மறைந்ததும் மகேஸ்வரி ஏற்பாடு செய்தபடி கொல்லை வழியாகச் சூசைமுத்து வந்தார். பட்டறையிலிருந்து ஆனந்த்ராஜையும் வரவழைத்திருந்தாள். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அவன் கையில் வைத்தாள்.

"தொறங்க."

"அம்மாவக் கேக்காமயா?"

"கொட்டாவி விடுற நேரத்துல தொறப்பேன்னீங்க."

"அது சும்மா பேச்சுக்கு..."

"நாளான்னைக்கு எங்கப்பா வண்டியோட வாராரு. பொட்டி அந்த வண்டியில ஏறுச்சுன்னா நானும் ஏறுவேன். எது வசதின்னு பாத்துக்கங்க."

ஆனந்த்ராஜ் குனிந்தான். எத்தனையோ மாங்காய்ப் பூட்டுகளுக்குச் சாவி போட்ட கை சாவி ஓட்டையை விட்டுவிட்டு அக்கம்பக்கமெல்லாம் குத்தியது. வாசலில் ஒரு ஆடு கத்தியதற்கு ஊசியைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா!" என்றான். சூசைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி குனிந்தான். 'கிளிக்' என்றது.

கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே நீல நிறம் என்பது மகேஸ்வரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீன் குழம்பும் இல்லை, ஒன்றுமில்லை. மேலே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், மெல்லிசான ஒரு செம்புக் கம்பி வளைந்து தொங்கியது. அதன் நுனியில் மஞ்சள் கயிற்றால் கட்டிய ஒரு எலுமிச்சம்பழம். கல்லாக உறைந்து, உடம்பெல்லாம் குங்குமம் அப்பி, ரத்தச் சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

திருஷ்டிக்குக் கட்டுகிற பழம் எது என்று மகேஸ்வரிக்குத் தெரியும். அது மிளகாயோடு சேர்ந்து வாசலில், ஊர் பார்க்கத் தொங்கும். இதில் மிளகாய் இல்லை. ஒளித்து வைத்த ஒற்றைப் பழம், குங்குமம், மஞ்சள் கயிறு. இதற்குப் பேர் வேறு.

"செய்வினை" என்றாள். "எனக்குச் செய்வினை வச்சிருக்காங்க. ஒங்கம்மா எனக்குச் செய்வினை வச்சிருக்காங்க. அதான் காய்ச்சல் வந்துச்சு."

"சேச்சே, எங்கம்மா அப்பிடியெல்லாம்..." என்று ஆரம்பித்த ஆனந்த்ராஜ் பழத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினான்.

"அத எடுங்க" என்றாள் மகேஸ்வரி.

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது" என்றார் சூசைமுத்து. சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு அடி பின்னால் போனார். "நம்பிக்கை இல்லாதவன் தொடக்கூடாது. நம்பிக்கை உள்ளவங்க எடுங்க."

நம்பிக்கை உள்ள ஆனந்த்ராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆம்பளைகள் லட்சணம் தெரிந்துபோயிற்று. மகேஸ்வரி அடுப்படிக்குப் போய்க் கிடுக்கியை எடுத்துவந்து பழத்தைக் கவ்வி இழுத்து, ஒரு தட்டில் போட்டாள். அது 'டங்' என்று விழுந்தது. பழம் போனதும் சூசைமுத்துவுக்குத் தைரியம் வந்தது. கழுத்தை நீட்டி அந்தச் செம்புக் கம்பியைப் பார்த்தவர், "அடக் கடவுளே!" என்று கத்தினார். விரலால் கம்பியைத் தள்ளி ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் 'டொக்' என்று நின்றது.

"இது தெர்மோஸ்டாட்டோட வாலு, தங்கச்சி! இம்புட்டு நாளும் இந்த வால்ல பழத்தக் கட்டித் தொங்க விட்டா, ஃபிரிட்ஜு என்னத்துக்கு ஆகும்?"

அவர் முழுசாக விளக்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவனம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்தாள். திறந்து கிடக்கிற ஃபிரிட்ஜைப் பார்த்தாள். தட்டில் கிடந்த பழத்தைப் பார்த்தாள். கொண்டை ஊசியோடு நின்ற மகனைப் பார்த்தாள்.

"ஏலே ஆனந்து..."

"நான் இல்லம்மா, பூட்டு தானா..." என்றான் அவன்.

மகேஸ்வரி தட்டை எடுத்து மாமியாருக்கு முன்னால் நீட்டினாள். இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதெல்லாம் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது.

"இது என்ன அத்த? நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? பிடிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? செய்வினை வைக்கிற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?"

சிவனம்மாளுக்குப் பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது.

"அடி அறிவுகெட்டவளே! செய்வினையா? செய்வினை வைக்கிறவ மாரியாத்தா காலடியில வச்சாடி பழம் வாங்கியாருவா? கண்ணு படாம இருக்க மந்திரிச்ச பழம்டி அது!"

"கண்ணுக்குன்னா மொளகா எங்க?"

"மொளகாயச் சேத்துக் கட்டுனா பாலுல காரம் ஏறாது? எனக்கு அம்புட்டுக்கூடத் தெரியாதா?"

"பெறகு எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"கண்ணுக்குக் கட்டுனத அந்தக் கண்ணுக்கே காட்டுவாங்களா? வாசல்ல கட்டுனா, என்னமோ பெரிய பொருளு வச்சிருக்கான்னு இன்னும் நாலு பேரு பாப்பான். உள்ள பாத்தேன், கொக்கி மாதிரி ஒரு கம்பி இருந்துச்சு. கம்பெனிக்காரனுக்கும் இது தெரியும்போல, கட்டுறதுக்குன்னே கொக்கி வச்சுக் குடுத்திருக்கான்னு நெனச்சேன். இந்த ஆளு வந்தா அவுத்து ஒளிச்சுக்குவேன், கம்பிய முன்ன இருந்த மாதிரியே ஒட்டி வச்சுருவேன். இதுல என்ன தப்பு?"

"ஆத்தா!" என்று சூசைமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "அது கொக்கி இல்ல ஆத்தா. அந்த வாலு நுனி ஐஸ் பொட்டியத் தொட்டுக்கிட்டே இருக்கணும். குளுரு போதும்னு அதுக்கு ஒறைச்சாத்தான் மோட்டார நிறுத்தும். நீங்க அதப் பிடிச்சு இழுத்து அந்தரத்துல தொங்க விட்டா அதுக்கு என்ன தெரியும்? இன்னுங் குளுரல, இன்னுங் குளுரலன்னு ஓட விட்டுக்கிட்டே இருக்கும். நான் வந்தா அடங்குனது என்னயக் கண்டு இல்ல, நீங்க ஒட்டி வச்சதால."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சிவனம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அது கண்ணடி இல்லையா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. இங்க பாலு கல்லாகுது, தயிரு கல்லாகுது. அந்தச் சொர்ணலட்சுமி கண்ணுதேன் இப்பிடி இறுக்குதுன்னு நெனச்சேன். பழத்தப் பெருசா மாத்துனேன், இன்னும் இறுகுது. கடைசில இவளுக்கும் காய்ச்சல் வந்துருச்சு. பண்டத்துல பட்ட கண்ணு ஆளு மேல தாவிருச்சேன்னு எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. பொட்டி போனாப் போகுது, புள்ள நல்லாருக்கட்டும்னுதேன் திருப்பிவிடச் சொன்னேன்."

மகேஸ்வரி கையில் தட்டோடு நின்றாள். கோபத்துக்கு வைத்திருந்த வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்ப கொழாயடியில என்னயத் தூத்துனது? ரசம் வைக்கத் தெரியாது, மூஞ்சியும் முழியும்னு சொன்னது?"

"பின்ன, நல்லா வைக்கிறான்னு சொல்லவா?" சிவனம்மாள் நிமிர்ந்தாள். "அந்தச் சொர்ணலட்சுமி எங்க முருங்க மரத்தப் பாத்து 'எம்புட்டுக் காய்ப்பு'ன்னா ஒருநா. மறுநா முறிஞ்சு கெடந்துச்சு. அவகிட்டப் போயி எம் மருமக தங்கம்னு சொல்லச் சொல்றியா? தங்கத்தக் கொண்டுபோயி வாசல்ல வச்சுக் காட்டுவாளாடி ஒருத்தி? வந்த மொத நாளே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஒருத்திகிட்டயும் ஒன்னயப் பத்தி ஒரு நல்ல வார்த்த பேசப்படாதுன்னு."

மகேஸ்வரிக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சிவனம்மாள் "ஏய், எதுக்கு அழுகுற, வெளக்கு வைக்கிற நேரத்துல" என்று அதட்டிக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டாள். முந்தானை முடிச்சில் அன்றைக்கு வாங்கிவந்த புதுப் பழம் இருந்தது. அது மகேஸ்வரியின் மூக்கில் இடித்தது.

சூசைமுத்து வாலை இருந்த இடத்தில் வைத்து, கிளிப்பைப் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கினார். இனி ஆயிரம் மாரியாத்தா வந்தாலும் இழுக்க முடியாது என்று சொல்லவந்து, யோசித்துவிட்டு, "இனிமே இழுக்காதீக" என்று மட்டும் சொன்னார். புதுப் பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. பழமே வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனந்த்ராஜ்தான் கதவில் முட்டை வைக்கிற குழியைக் காட்டினான். சிவனம்மாள் பழத்தை அதில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"பாத்தியா!" என்றாள் அவள் பெருமையோடு. "எலுமிச்சம்பழத்துக்குன்னே குழி வச்சிருக்கான் கம்பெனிக்காரன்."

வர வேண்டாம் என்று அப்பாவுக்குத் தகவல் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடையப்பன் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு, எழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து இறங்கினார். சந்து முழுக்க வாசல்களில் ஆள் நின்றது. ஃபிரிட்ஜ் வந்ததைப் பார்த்தவர்கள் போவதைப் பார்க்காமல் இருப்பார்களா? சொர்ணலட்சுமி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் நின்றாள்.

"ஏத்தா மகேசு, வண்டி வந்துருச்சுபோல. பொட்டிய எப்ப ஏத்துறாக?"

மகேஸ்வரி வாசல்படியில் நின்றாள். உள்ளே ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் உறுமி, 'டொக்' என்று நின்றது. பால் பாலாக இருந்தது, தயிர் தயிராக இருந்தது. நல்லாயிருக்கு அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள், அந்தப் பருந்துக்கண் இரண்டையும் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அத ஏன் கேக்குறீங்க சொர்ணக்கா!" என்று ஆரம்பித்தாள். "இந்தப் பொம்பளகிட்ட மாட்டிக்கிட்டு நான் படுற பாடு நாய்கூடப் படாது. எங்கப்பா வண்டியோட வந்து நிக்கிறாரு, குடுத்துவிட மனசு வருதா? கல்நெஞ்சுக்காரி! வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த உண்டா? காய்ச்சல்னு படுத்தா எட்டிப் பாத்தது உண்டா? இப்பிடி ஒரு மாமியா என் எதிரிக்குக்கூட வாய்க்கக்கூடாது!"

இவ்வளவு வாயாரப் புகழ்ந்து அவள் ஜென்மத்தில் யாரையும் பேசியதில்லை. கடைசி வார்த்தையில் குரல் தழுதழுத்துவிட்டது. சொர்ணலட்சுமி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, "அடப் பாவமே... அந்தப் பொட்டியாவது ஓடுதா?" என்றாள்.

"அதுவா? அதுல வெந்நி வச்சாக்கூட ஆறாது."

ஆவுடையப்பன் அரண்டுபோய் மகளின் கையைப் பிடித்தார். "ஏத்தா, என்ன பேச்சுப் பேசுற? சம்பந்தி காதுல விழுந்துரப்போகுது!"

"விழட்டும்ப்பா. நீங்க உள்ள வாங்க, மோர் தாரேன்."

உள்ளே சிவனம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சம்பந்திக்குப் பெரிய செம்பு நிறைய நீர்மோர் கொடுத்தாள். அவர் ஒன்றும் புரியாமல் குடித்தார், பல் கூசியது, செம்பை இறக்காமல் முழுசையும் குடித்தார். சிவனம்மாள் மருமகளைக் கண்ஜாடை காட்டி அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். முகம் கடுகடுவென்றிருந்தது. ஒருவேளை ரொம்பத்தான் பேசிவிட்டோமோ என்று மகேஸ்வரிக்குப் பயமாகிவிட்டது.

சிவனம்மாள் இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள்.

"நல்லாத்தேன் வைஞ்ச" என்றாள். "ஆனா இன்னும் செத்த சத்தமா வைஞ்சிருக்கணும். அவளுக்கு எடது காது மந்தம்ல."